கூண்டில் ஏற்றப்பட்ட கபிதூ

கபிதூ துரோகம் செய்தாளா, இல்லையா? பிரேசில் நாவலான ‘தோம் காஸ்முர்ரோ’வை வகுப்பில் பேசும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். என் கோபம் அவர்கள்மீது அல்ல. அந்தக் கேள்வியை நமக்குப் பழக்கிவிட்ட வாசிப்பின்மீது.

1899இல் மஷாதோ தெ அசிஸ் எழுதிய இந்நாவலின் கதைசொல்லி பெந்தோ, கபிதூவின் கணவன். தொழில் வழக்கறிஞன், இதைப் பலர் கவனிப்பதில்லை. அவன் எழுத உட்காரும்போது மனைவி இறந்துவிட்டாள், மகன் இறந்துவிட்டான், அவன் சந்தேகித்த நண்பன் எஸ்கோபார் எப்போதோ கடலில் மூழ்கிப்போனான். மறுத்துப் பேச ஒருவரும் மிச்சமில்லாத நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிறான். அவன் வைக்கும் சாட்சியங்களில் பெரியவை இரண்டு: நண்பனின் பிணத்தை அவள் பார்த்த பார்வை, மகனின் முகச்சாயல். ஆனால் அதே நாவலில், தனக்கு எந்த உறவுமில்லாத, இறந்துபோன ஒரு பெண்ணின் ஓவியத்தைக் கபிதூ ஒத்திருக்கிறாள். சாயல் எதையும் நிரூபிக்காது என்று மஷாதோ முன்பே சொல்லிவிட்டார். நாம்தான் தாண்டிப் போனோம்.

கபிதூவின் கண்களை, ஆளை உள்ளே இழுக்கும் கடலோடு ஒப்பிடுகிறான் பெந்தோ. அழகான உவமைதான். ஆசைப்படுபவன் அவன், இழுத்த பழி அவளுக்கு. எஸ்கோபார் மூழ்குவதற்கு முந்தைய இரவு அவன் மனைவி சாஞ்சாவின் கையை இதே பெந்தோ விடாமல் பற்றிக்கொண்டு நிற்கிறான், மனம் தடுமாறுகிறான். அதற்குத் தனக்கு அவன் விதித்துக்கொள்வது கொஞ்சம் குற்றவுணர்வு, அவ்வளவுதான். கபிதூவுக்கோ சுவிட்சர்லாந்து, அங்கேயே சாவு. 1960இல் ஹெலன் கால்டுவெல் என்ற அமெரிக்கப் பெண் அவள் குற்றமற்றவள் என்று ஒரு நூலே எழுதும்வரை விமர்சகர்களில் பெரும்பாலோர் கணவன் சொன்னதை அப்படியே நம்பினார்கள்.

கிராசிலியானோ ராமோஸின் ‘சாவோ பெர்னார்தோ’விலும் (1934) மனைவி செத்த பிறகுதான் கணவன் பேனாவை எடுக்கிறான். நிலத்தை வளைத்துப்போட்ட பாவ்லோ ஒனோரியோ, பள்ளி ஆசிரியை மதலேனாவையும் அப்படியே வாங்கப் பார்க்கிறான். அவள் படிப்பவள், எழுதுபவள், கூலியாட்களுக்காகப் பேசுபவள். அவள் எழுதும் கடிதம்கூட அவனுக்குச் சந்தேகம். கடைசியில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவன் வருந்துகிறான்தான், வருந்துவதற்கும் அவனுக்கு ஒரு முழு நாவல் கிடைக்கிறது.

ஜோர்ஜ் அமாதோ வேறு மாதிரி என்பார்கள். ‘காப்ரியேலா’ (1958) மனைவியையும் அவள் காதலனையும் சுட்டுக்கொன்ற நிலப்பிரபுவில் தொடங்கி, அவனுக்குத் தண்டனை கிடைப்பதில் முடிகிறது. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் காப்ரியேலா? கிராம்பும் இலவங்கப்பட்டையும் மணக்கும் உடல். மணப்பது யாருடைய மூக்குக்கு? கணவன் நசீப் அவளைக் கொல்லவில்லை, திருமணத்தை மட்டும் ரத்துசெய்கிறான். பிறகு அவள் திரும்பி வருகிறாள், அவன் சமையல்காரியாகவும் படுக்கைத் துணையாகவும். இதற்குப் பெயர் விடுதலையாம்.

நாவல் வேறு, நீதிமன்றம் வேறு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1976 டிசம்பரில் ஆஞ்செலா தினிஸை அவருடைய காதலன் சுட்டுக்கொன்றான். 1979 விசாரணையில் அவனுடைய வழக்கறிஞர் பேசியது கௌரவத்தைக் காக்கும் தற்காப்பு பற்றி. விசாரிக்கப்பட்டது செத்தவளின் நடத்தை. லேசான தண்டனையோடு அவன் வெளியே நடந்தான். நேசிப்பவன் கொல்வதில்லை என்று பெண்கள் கொதித்தெழுந்தார்கள். 1981 மறுவிசாரணையில் அவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் சிறை. அந்தக் ‘கௌரவ’ வாதம் அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 2023 ஆனது.

பெந்தோவின் தந்திரமும் இந்த வழக்கறிஞரின் தந்திரமும் ஒன்றுதான். கேள்வி அவளைப் பற்றியதாக இருக்கும்வரை அவனைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த முறை வகுப்பில் நான் முந்திக்கொண்டேன். சாஞ்சாவின் கையைப் பிடித்தது யார் என்று கேட்டேன். பாதிப்பேருக்குச் சாஞ்சா யாரென்றே நினைவில்லை.