பாலாற்றின் மணலும் வெள்ளமும்

செங்கல்பட்டைத் தாண்டி ரயில் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது, ஜன்னலோரம் இருப்பவருக்குப் பெரும்பாலான மாதங்களில் தெரிவது மணலும் சீமைக்கருவேலமும்தான். தண்ணீரைப் பார்த்தவர் அதை ஊருக்குப் போய்ச் செய்தியாகச் சொல்வார். இந்த வறட்சியைப் பார்த்துத்தான் நாம் ஆற்றை எடைபோடப் பழகிவிட்டோம்.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைச் சற்றே தொட்டு, 348 கிலோமீட்டர் ஓடி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் சேர்கிறது பாலாறு. செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர் முதல் மருந்து வரை அதில் கணக்கு உண்டு. மூன்று ஆறுகள் கூடும் கரையில் துணிந்து கட்டியவர்களுக்கு வெள்ளம் ஏறும் மட்டம் தெரியாமலா இருந்திருக்கும்?

மேலே நீர் ஓடாத காலத்திலும் இந்த ஆறு வேலை செய்தது. கோடையில் உழவர்கள் ஆற்று மணலில் கால்வாய் தோண்டி, கசியும் ஊற்று நீரை ஏரிக்கும் வயலுக்கும் திருப்பினார்கள். ஊற்றுக்கால் என்பார்கள். அடுத்த வெள்ளம் அதைத் தூர்த்துவிடும். மறுபடி ஊர்கூடித் தோண்டுவார்கள். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் கோடைக்கான நீரைப் பிடித்துவைத்தது. அந்த மணலை லாரி லாரியாக அள்ளி வீடு கட்டிக்கொண்டோம். 1892-ஆம் ஆண்டு மைசூர் - மதராஸ் ஆற்றுநீர் ஒப்பந்தத்தைக் காட்டிக் கர்நாடகத்திடம் நாம் கேட்கும் நியாயம் சரியானதே. ஆனால் மணலை அள்ளியது கர்நாடகம் அல்ல.

வெள்ளமும் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. 1903 நவம்பரில் மேலே பேத்தமங்கலம் ஏரி உடைந்து, வாணியம்பாடி சிதைந்தது, ஏராளமானோர் மாண்டனர். ஏரிகள் சங்கிலியாகக் கிடக்கும் படுகையில் ஒன்று உடைந்தால் சுமை அடுத்ததன் தலையில் விழும். 2021 நவம்பரில் ஆறு மறுபடி கரைபுரண்டு, பாலங்களையும் தரைப்பாலங்களையும் பதம் பார்த்தது. அதற்கு முந்தைய கோடையில் அதே ஆற்றில் கிரிக்கெட் ஆடியவர்கள் உண்டு.

வல்லிபுரத்திலும் வயலூரிலும் கட்டிய தடுப்பணைகள் நல்ல காரியம். நிலத்தடி நீர் ஏறவும், முகத்துவாரத்தில் உப்பு ஏறாமல் இருக்கவும் உதவும். ஆனால் அவை வெள்ளத்துக்கு வழி விடாது. அதற்கு ஆற்றின் அகலம் வேண்டும். வருவாய்த் துறை ஆற்று எல்லைக் கல்லை நடும்போது வறண்ட வாய்க்காலை அளக்காமல், 2021-இல் தண்ணீர் தொட்ட இடத்தை அளக்கட்டும். அந்த மட்டத்தைப் பார்த்தவர்கள் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். மனை விற்பவர்கள் வருவதற்குள் அவர்களிடம் கேட்டுக் குறித்துவிடலாம்.