பணிப்பட்டியல் யார் கையில்?

புலம்பெயர் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு விழா ஏற்பாடுகள் யாரோ ஒரு தொண்டரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. அவர் வேலை மாறி வேறு நகரம் சென்றால், மண்டப முன்பதிவு விவரம் முதல் ஒலிபெருக்கிக்காரரின் தொலைபேசி எண் வரை அனைத்தும் அவருடனேயே போய்விடும்.

2011இல் அறிமுகமான டிரெல்லோ போன்ற இணையப் பணிப்பலகைகள் இதற்கு வழி செய்கின்றன: ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை, ஒரு பொறுப்பாளர், ஓர் இறுதி நாள். "எல்லோருமாகப் பார்த்துக்கொள்வோம்" என்று விடப்பட்ட வேலை என்னவாகும் என்பதைப் பெற்றோர் நன்கறிவர். பலகையைப் பராமரிக்கும் பொறுப்பை இளையோரிடமே ஒப்படைக்கலாம். மூத்தோர் அவர்களிடம் கேட்டுக் கற்பதில் இழுக்கேதுமில்லை.

ஆயினும் பலகையும் தனியொருவர் கணக்கில் இருந்தால் பழைய கதைதான். நிர்வாக உரிமை குறைந்தது இருவரிடம் இருத்தல் வேண்டும். மென்பொருளும் நிலையானதன்று: மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கிய வுண்டர்லிஸ்ட், 2020 மே மாதம் மூடப்பட்டது. எனவே, விழா முடிந்த வாரத்திலேயே பட்டியலைப் படியெடுத்துப் பள்ளியின் பொதுக் கணக்கில் சேமித்துவிடுவது நல்லது.