படத்தில் இடமுண்டு, பணியில் இல்லை

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். அன்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேரணிப் படம் வரும், ஆட்சியர் கொடியசைப்பார். படத்தில் நிற்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை அதே பக்கத்துக்குச் செய்தி எழுத வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இது அநீதி.

அநீதி பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் அடுத்த பெருந்தொழில் விடுதிப் பள்ளி. பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியும் மதிப்பெண் வெறி அடங்கவில்லை. "மத்த பசங்களோட செட் ஆகாதுங்க, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் சேர்க்கையன்றே சொல்லிவிடுகிறார்கள். அதையும் தாண்டிப் பட்டம் பெற்று வருபவருக்கு நாளிதழ் நேர்காணல் காத்திருக்கிறது. மூன்று பேர் மாறிமாறிக் கேட்பார்கள், பக்கத்தில் தொலைபேசி அலறும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால் 'ஃபீல்டுக்குச் சரிப்படமாட்டார்' என்று முடிவாகிவிடும். அவர் எழுதிக் கொண்டுவந்த கட்டுரையை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இவர்களால் முடியாது என்பது பொய். ஆட்டிசம் உள்ள எரிக் கார்சியா வாஷிங்டனில் அரசியல் செய்தியாளர். 2021இல் 'வி ஆர் நாட் புரோக்கன்' நூலை எழுதியவர். பேச்சு மிகக் குறைவான இந்திய வம்சாவளி இளைஞர் ஹரி ஸ்ரீனிவாசன், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோதே 'டெய்லி கலிஃபோர்னியன்' மாணவர் நாளிதழில் எழுதினார். பேச்சு குறைந்ததால் அவர் எழுத்து குறைந்துவிடவில்லை.

வேலையை வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது, சத்தமில்லாத மூலையில் நிலையான மேசை, நேரம் மாறினால் முன்கூட்டியே சொல்வது: பலருக்கு இவ்வளவே போதும். இதற்கு என்ன செலவு? இத்தகைய வசதியை மறுப்பதைப் பாகுபாடு என்றே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரையறுக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே இல்லை. இப்போதைய 21 வகைகளில் அது உண்டு. அரசுக் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காடு இடங்களிலும், அரசுப் பணியில் அவர்களுக்கான 4 விழுக்காட்டிலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பங்கு உண்டு. தனியார் நாளிதழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்கும் கடமை தனியாருக்கும் உண்டு. ஊரார் குற்றங்களையெல்லாம் நாள்தோறும் அச்சிடுபவர்கள் தம் கடமையை மட்டும் மறைக்கலாகாது.

இந்த வட்டாரத்துக்காகச் சேலத்தில் பதிப்பு நடத்தும் ஒவ்வொரு நாளிதழும் அந்தக் கொள்கையை உடனே வெளியிட வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழக இதழியல் துறை, ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்குச் செய்தி அறைகளில் பயிற்சியிடம் கேட்டுப் பெற வேண்டும். மறுக்கும் நிறுவனத்திடம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் விளக்கம் கேட்க வேண்டும்.