சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ரொட்டி

உங்களில் பாதிப் பேர் இப்போ ஐ.இ.எல்.டி.எஸ். புத்தகத்தோடதான் இருப்பீங்க. ஃபீஸ், விசா, பார்ட் டைம் வேலை எல்லாம் விசாரிச்சிருப்பீங்க. அங்கே போய் ஆஸ்பத்திரியில் படுத்தா என்ன சாப்பாடு போடுவாங்கன்னு யாராவது கேட்டிருக்கீங்களா?

எங்க பெரியம்மா மகன் கேட்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போன அண்ணன். போன மூணாம் மாசமே குடல்வால் ஆபரேஷன். சாயங்காலம் அஞ்சரைக்கு ட்ரே வந்தது: கறுப்பு ரொட்டி ரெண்டு துண்டு, வெண்ணெய், சீஸ், ஊறவெச்ச வெள்ளரிக்காய். எல்லாமே ஜில்லுன்னு. வீடியோ காலில் பார்த்த பெரியம்மா அழுதே விட்டார். "சோறுகூட வேண்டாம்டா, ஒரு டம்ளர் சுடு கஞ்சி தரமாட்டாங்களா?"

ஆனா அது அலட்சியம் இல்லை. ஜெர்மன்காரர்கள் பல வீடுகளில் மதியம்தான் சூடான சாப்பாடு, ராத்திரிக்கு ரொட்டி. 'ஆபெண்ட்ப்ரோட்' என்றே அதற்குப் பேர், மாலை ரொட்டி. அவங்க வீட்டில் அம்மா எடுத்து வைப்பதைத்தான் அண்ணனுக்கும் வைத்தார்கள். அண்ணன் வீட்டு அம்மா அப்படி வைப்பதில்லை, அவ்வளவுதான். மூணு நாளும் பாதி ட்ரே திரும்பிப் போனது.

நாலு நாள் சகிச்சுக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2006-ல் 'நியூட்ரிஷன் டே' என்ற ஆய்வில், ஐரோப்பிய மருத்துவமனைகளில் 16,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தட்டைக் கவனித்தார்கள். பாதிக்கு மேல் முழுச் சாப்பாட்டையும் சாப்பிடவில்லை. குறைவாகச் சாப்பிட்டவர்கள் அடுத்த 30 நாளில் இறக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. நோய் முற்றியவருக்குப் பசி எடுக்காதுதான். அதையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் வந்தது. ஆக, ட்ரே திரும்பிப் போவது வாய் ருசி சமாச்சாரம் மட்டும் இல்லை. நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தில் சாப்பாட்டுக்கே ரெண்டு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. போன வருஷம் எங்க அம்மாச்சியை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் கையில் கட்டோடு ஒரு பையன். ஒடிசாக்காரன், ராஜபாளையம் பக்கம் மில்லில் வேலை. நம்ம ஆட்களுக்கு வேளாவேளைக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி வந்துவிடும். அவனுக்கு யார் கொண்டு வருவார்? கொடுத்த இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டுப் படுத்திருந்தான். "ஏன்யா சாப்பிடல ராசா?" என்று அம்மாச்சி கேட்டால் சிரிப்பான்.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் என்ன வேணும்னு கேட்டேன். "பகாளா" என்றான். கூகுளில் தேடினால், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு! நம்ம பழைய சோறேதான். ஒடிசாவில் மார்ச் 20-ஐ பகாளா தினம் என்று கொண்டாடுகிறார்கள். அம்மா டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுநாள் காலை நீராகாரம், மோர், சின்ன வெங்காயத்தோடு வந்தார். வாளியில் பருக்கை மிஞ்சவில்லை.

அந்தப் பையன் படுத்திருந்தது வெளிநாடு இல்லையென்று யார் சொன்னது? பெரியம்மா ஜெர்மனிக்காரனைத் திட்டியது நியாயம் என்றால், நம்மைத் திட்ட ஒடிசாவில் ஓர் அம்மாவுக்கு அதைவிட நியாயம் இருக்கு. அங்கேயாவது அட்மிஷன் அன்றே 'வெஜ்ஜா, நான்வெஜ்ஜா, எது சேராது' என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம். (வெஜ் என்றால் முட்டை வரலாம், விளக்கிச் சொல்லுங்க.) இங்கே அந்தக் கேள்வியே இல்லை. ஆள் கூட்டி வரும் கான்ட்ராக்டர், அடிபட்டால் சாப்பாட்டுக்கு ஓர் ஆளையாவது அனுப்ப வேண்டாமா?

நம்ம என்.எஸ்.எஸ். வருஷா வருஷம் ரத்த தான முகாம் நடத்துது. அதோடு இன்னொன்றும் செய்யலாம்: சோறு, கஞ்சி, ரொட்டி, காரம், பசி, போதும், இந்த ஆறு வார்த்தைக்கு ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரு அட்டை அடித்து வார்டில் மாட்டலாம். ஒடியா யாருக்குத் தெரியும்னு தேட வேண்டாம். நம்ம புது ஹாஸ்டல் கட்டுகிற அண்ணன்களிடம் கேட்டாலே போதும். அடுத்த மீட்டிங்கில் இதைக் கேட்கப் போறேன். நீங்களும் வாங்க.