காப்பியும் கொலைச் செய்தியும்

காலைக் காப்பியுடன் தினசரியை விரித்ததும் நாம் முதலில் தேடுவது தலையங்கத்தை அல்ல. கொலை வழக்கு இருந்தால், போலீஸ் நாய் ஓடிய திசை வரையில் அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மற்ற விஷயங்கள். இந்த ருசியை நான் கண்டிக்கப் போவதில்லை. ஆனால் எந்த வரியைப் படித்த மாத்திரத்தில் மறந்துவிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

2010-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி கோவையில் பள்ளிக்குப் புறப்பட்ட பத்து வயதுச் சிறுமியும் அவளுடைய ஏழு வயதுத் தம்பியும் கடத்தப்பட்டார்கள். சிறுமி பலாத்காரத்துக்கு ஆளானாள். இருவரையும் வாய்க்காலில் தள்ளிக் கொன்றார்கள். பிடிபட்ட இருவரில் ஒருவன் நவம்பர் 9-ந் தேதி போலீஸார் சுட்டதில் இறந்தான். ஊரில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். மற்றவனுடைய மரண தண்டனையை 2019-ல் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்தியது.

வாய்க்காலும் பட்டாசும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கின்றன. அந்தக் குழந்தைகள் வண்டியில் ஏறியது ஏன்? முன்பு அவர்களைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்று பழகிய டிரைவர் அவன்! 'முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே' என்று வீட்டுக்கு வீடு நாம் போதிக்கும் பாடம் அங்கே எதற்கு உதவும்? மத்திய சர்க்கார் 13 ராஜ்யங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள்.

2012-ல் போக்ஸோ சட்டம் வந்தது. இத்தகைய குற்றத்தை அறிந்தவர் யாராயினும் போலீஸாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு ஸ்தாபனத்தின் தலைவரே தவறினால் ஒரு வருஷம் வரை. ஆயினும் 2021 நவம்பரில் இதே கோவையில் ஒரு பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் ஆசிரியர் ஒருவர் கைதானார். விஷயம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் பள்ளித் தலைவியும் கைதானார்.

பள்ளியைத் திட்டுவது சுலபம். நம் வீடுகளிலே என்ன நடக்கிறது? "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே!" என்று பாட்டி முதல் பெரியப்பா வரையில் சேர்ந்து குழந்தையின் வாயை அடைக்கிறார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. குழந்தையின் பெயர், விலாசம், புகைப்படம், பள்ளி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. 1098 என்ற எண்ணுக்கு இரவானாலும் பகலானாலும் காசில்லாமல் டெலிபோன் செய்யலாம், குழந்தையே பேசலாம்.