கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம்!

எங்கள் பெரியப்பாவுக்கு மூளை மந்தமாகிவிட்டதாம். போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனை முகாமில் டேப்லெட்டைக் கையில் கொடுத்து அறிவுத்திறனைச் சோதித்தார்கள். வயதுக்குக் குறைவு என்று கலர் கலராக ரிப்போர்ட். அண்ணன் அதை என்னிடம் நீட்டி, "மனுஷன் போட்ட மார்க் இல்லடா, கம்ப்யூட்டர் போட்டது. தப்பே வராது" என்கிறான். படித்தவன்தான், பேங்கில் மேனேஜர்.

பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மளிகைச் சீட்டை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டுத்தொகையைச் சொல்வார். அன்று நடந்தது என்ன? காலிங்பெல்லை அமுக்குவது போல் அவர் திரையை அமுக்கினார். காய்ந்த விரலை அது கண்டுகொள்ளவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். இரண்டு தடவை பதிவாகி அடுத்த கேள்வியும் தாண்டிப் போயிற்று. "எங்கேம்மா போச்சு அது?" என்று சோதித்த பெண்ணிடம் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுமாறியது விரல், மார்க் குறைந்தது மூளைக்கு!

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. 1993-லேயே மீட், டிராஸ்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், காகிதத் தேர்வையும் கணினித் தேர்வையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். யோசித்து விடை சொல்லும் தேர்வுகளில் இரண்டுக்கும் ஒட்டுறவு 0.97. சரி, ஏறக்குறைய ஒன்றுதான். விறுவிறுவென்று முடிக்க வேண்டிய வேகத் தேர்வுகளில் அது 0.72-தான். பெரியப்பா மாட்டிக்கொண்டது இரண்டாவதில்.

வெக்ஸ்லர் என்ற அறிவுத்திறன் சோதனையிலும் இப்படி ஒரு வேகப் பகுதி உண்டு. எண்ணுக்கு உரிய குறியைப் பார்த்துப் பென்சிலால் மளமளவென்று எழுத வேண்டும், இரண்டே நிமிஷம். திரைக்கு மாற்றியபோது எழுதுவது போய்த் தொடுவது வந்துவிட்டது. செல்போனைப் பிடித்துக்கொண்டே சாப்பிடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. வாழ்நாளெல்லாம் பேரேட்டில் எழுதிய கைக்கு? வேலையே மாறிய பிறகு அதே சோதனை என்றால் எப்படி?

1905-ல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் அறிவுத்திறன் சோதனையைத் தொடங்கியதே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று பார்ப்பதற்காக. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்குக் கேள்வி புரியவில்லையா, பசியா, பயமா என்று முகம் பார்த்தே தெரிந்துகொள்வார். டேப்லெட்டுக்கு ஏது கண்?

பெரியப்பாவின் இதே விரலை ரேஷன் கடை இயந்திரமும் ஏற்க மறுக்கிறது. அங்கே அரிசி போச்சு, இங்கே அறிவு போச்சு. இன்னொரு பக்கம், பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று சொல்லும் கம்பெனிகளைப் பள்ளிக்கூடங்களே கூட்டி வருகின்றன. கைரேகை ஜோசியன் இருநூறு ரூபாய் வாங்கினால் மூடநம்பிக்கை, ஸ்கேனர் வைத்து ஆயிரக்கணக்கில் கறந்தால் விஞ்ஞானமாம்!

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் வரும். வந்தால் கேளுங்கள்: இந்த மார்க்கை யாரோடு ஒப்பிட்டுப் போட்டீர்கள்? அவர்கள் எழுதியது பேப்பரிலா, திரையிலா? அவர்களில் எழுபது தாண்டியவர் எத்தனை பேர்? பதில் வரவில்லையென்றால், பென்சிலும் பேப்பரும் கொடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுவது நீங்கள்தானே.