வாயிற்படி

தசைச்சிதைவு, இயக்க நரம்பு நோய் முதலியன ஒரே நாளில் முடக்குவன அல்ல. நடை தளரும், படியேற்றம் நிற்கும், பின்னர்க் கையும் சோரும். இளந்தம்பதியர் இல்லத்துள் இவை புகின், நாம் மனைவியின் பொறுமையைப் போற்றுகிறோம். வாயிற்படியைப் பற்றி வாய் திறப்பதில்லை!

1963-இல் நோய் அறியப்பட்டும் அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கை 1965-இல் மணந்தவர் ஜேன் அம்மையார். கேம்பிரிட்ஜில் அவர்தம் சிறு மாடிவீட்டில் கணவர் கைப்பிடியைப் பற்றியே படியேறினார். கல்லூரி தரைத்தள இல்லம் அளித்தபோது மணமாகி ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்திருந்தது.

கயத்தாற்றிலும் உயர்ந்த படிகள் கொண்ட பழைய வீடுகள் உண்டு. மழை பெய்துவிட்டால் கரிசல் மண்ணும் சக்கரத்தை விடாது. எனவே, கணவர் நடமாடும்போதே சாய்தளம் அமைத்தல் வேண்டும்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். வாசலில் அதற்கு இடமில்லை என்பாரை ஒன்று கேட்பேன்: அவர்தம் திருமணப் பந்தலுக்கு இடம் எங்கிருந்து வந்தது?